இடது கட்டைவிரல்

பத்து மாதமாக டிரெயினர்தான்.
தலைக்கு மேல் இறக்கை, வயிற்றுக்கடியில் மூன்று சக்கரம்.
கையை விட்டாலும் தானே நிமிர்ந்துகொள்ளும்;
அதை வைத்துத் தப்பு செய்யத்
தனித் திறமை வேண்டும்.

பனமரத்துப்பட்டி ஏரியில் தண்ணீர் இல்லாத வருடங்கள்
எங்களுக்கு ஓடுபாதை.
இதை அந்தப் பக்கத்து விவசாயி யாரிடமும் சொல்ல மாட்டேன்.

"அடுத்தது வால்சக்கரம் பாருங்க" என்றார் ஜாபர்.
ஐந்து ரோட்டில் டயர் கடை வைத்திருப்பவர்,
சக்கரத்தைப் பற்றி அவர் சொன்னால் கேட்க வேண்டும்.
முன்னால் இரண்டு. வாலடியில் பட்டாணி போல ஒன்று.
மூக்கை வானத்துக்குத் தூக்கி நிற்கும்,
கடன் கொடுத்தவன் மாதிரி.

எதை வாங்குவது?
கோகிலவாணன் போனில் காட்டியது போர்விமானம்,
சாம்பல் உடம்பில் சுறாப்பல்,
கால்கள் இரண்டும் ஒட்டினாற்போல.
"முதல் இறக்கத்திலேயே பழிவாங்கிடும்."
அடுத்தது மஞ்சள் நிறத்தில் பழைய காலத்து மாடல்,
பார்த்தால் சாது.
சாது மிரண்டால் ஏரி கொள்ளாது என்றார் ஜாபர்.
மூன்றாவது, பெட்டி உடம்பு, தடித்த இறக்கை, அகலக் கால்,
எவனும் ஸ்டேட்டஸில் வைக்காத மூஞ்சி.
"இதுதான்."

பதினோராயிரம்.
வீட்டில் ரெஜினா ஒன்றும் பேசவில்லை.
பள்ளிக்கூட ரசீதை எடுத்து
சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

சனி இரவு
பழைய டிரெயினரையே கட்டிலில் குப்புறக் கிடத்தி
முன்சக்கரத்தைக் கழற்றினேன்.
மற்ற இரண்டையும் எடைமையத்துக்கு முன்னே நகர்த்தினேன்.
அதிகம் நகர்த்தினால் துள்ளும்,
குறைத்தால் மூக்கால் மண்ணைத் தோண்டும்,
இரண்டு விரற்கடை என்பது போனில் ஜாபர் சொன்ன கணக்கு
(யாருடைய விரல் என்று கேட்க விட்டுப்போனது).
வாலுக்கு சைக்கிள் கம்பி.
சக்கரம் மகனின் பொம்மைக் காரிலிருந்து.
அவன் தூங்கிவிட்டான்.
"முன் சக்கரத்தைக் கழட்டிட்டு
எவனாவது வண்டி ஓட்டுவானா?"
விளக்கை அணைக்கும்போது ரெஜினா.

ஓட்டுகிறவன்தான் நான்.
சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு, இருபது கொண்டை ஊசி,
நாளுக்கு மூன்று தடவை ஏற்றி இறக்குகிறேன்.
பஸ்ஸின் பின்பக்கம் எங்கே வருகிறதென்று
கண்ணாடி பார்க்காமல் தெரியும்,
குரங்குகள் உட்காரும் மதில் வரைக்கும்.
ஐம்பது பேரைச் சுமந்த வால்
ஒரு நாளும் என்னை முந்தியதில்லை.

ஒன்றரைக் கிலோ ஃபோம்
பத்தடி ஓடி
இடப்பக்கம் இழுத்து
தன் வாலைத் தானே முந்தவிட்டு
வந்த திசையைப் பார்த்து நின்றது.
புழுதி மட்டும் நேராகப் போனது.

"வலது ரட்டர்ணே! இடது கட்டைவிரல்!
வலப்பக்கம் தள்ளுங்க!"
பத்து மாதம் அந்த விரல்
வேகத்தை ஏற்றியது, இறக்கியது.
பக்கவாட்டிலும் நகரலாம் என்பது
அதற்கே செய்தி.

ஐந்து தடவை சுழன்றது.
ஆறாவதில், குச்சியை மெதுவாக முன்னே விட்டபோது,
வால் முதலில் எழுந்தது.
இதை யாரும் சொல்லியிருக்கவில்லை.
சக்கரம் இரண்டும் ஏரி மண்ணில் உருள,
பின்பாதி ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தது.
முழுதாய் மேலே போனதைவிட
அந்த ஏழெட்டு அடிதான்
இன்னும் கண்ணில் இருக்கிறது.

இறங்கும்போது குட்டிக்கரணம்.
ப்ரொப்பெல்லர் போச்சு, நூற்றெண்பது ரூபாய்.
கோகிலவாணன் வீடியோ எடுத்திருக்கிறான்,
சத்தத்தோடு.

திங்கள் காலை முதல் சிங்கிள்.
பதினோராவது வளைவில் பனி.
ஸ்டியரிங் முழுசாய் ஒடித்த கையில்
கட்டைவிரல் மட்டும் தனியாக
வலப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.
"என்னண்ணே, விரல்ல சுளுக்கா?" என்றார் கண்டக்டர்.

இல்லை என்றேன்.
இந்த முறை ப்ரொப்பெல்லர்
இரண்டாக வாங்க வேண்டும்.